ஒற்றை மூச்சு

மழை நின்ற பிறகுதான் ஜெசிக்கு அது காதில் விழுந்தது.

மத்தியானத்திலிருந்து ஆஸ்பத்திரியின் தகரக் கூரைமேல் ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்ததில் வேறெந்தச் சத்தமும் கேட்க வழியில்லாமல் இருந்தது. இப்போது கூரை விளிம்பிலிருந்து சொட்டும் நீரும், வயல்களுக்கு அப்பால் செம்மண் நிறத்தில் பொங்கிப் போகும் தாமிரபரணியின் இரைச்சலும், எங்கோ ஒரு மாட்டின் கழுத்து மணியும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு மூச்சு. ஆழ்ந்து உறங்கும் ஒருவர் உள்ளே இழுத்து, கொஞ்சம் வைத்திருந்து, மெல்ல வெளியே விடுவது போன்ற பெரிய மூச்சு.

வார்டில் பதினொரு பேர் படுத்திருந்தார்கள். மூச்சு ஒன்றுதான் கேட்டது.

ஜெசி கட்டில்களுக்கு நடுவே அசையாமல் நின்றாள். ஃபினாயில் வாடையும் ஈரச் சுவரின் வாடையும் முகக்கவசத்தைத் தாண்டி மூக்கில் ஏறின. முதல் கட்டிலில் கிழவர் இசக்கிதுரையின் நெஞ்சு உயர்ந்தது. இரண்டாவது கட்டிலில் முத்துராணியின் நெஞ்சும் உயர்ந்தது. கடைசிக் கட்டில்வரை பச்சைப் போர்வைகள் எல்லாம் ஒரே நேரத்தில் உயர்ந்து, ஒரே நேரத்தில் தாழ்ந்தன.

"சுந்தரியக்கா, இங்கன கொஞ்சம் வாங்க."

மருந்து அறையிலிருந்து நர்ஸ் சண்முகசுந்தரி வந்தாள். இந்த ஊருக்கு வேலைக்கு வந்து வருஷக்கணக்கான, எதற்கும் பதறாத பெண்.

"இவிய மூச்சு விடுதத பாருங்க. எல்லாரும் ஒண்ணா விடுதாவ."

சுந்தரி தலையைச் சாய்த்துக் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் கண்கள் மட்டும் மாறின.

"ஆமா டாக்டரம்மா. நாத்து நடும்போது பொம்பளைய ஒண்ணாக் குனிஞ்சு ஒண்ணா நிமிருவாவள்லா, அதுமாதி இருக்கு."

"எப்பத்துலருந்து இப்படி?"

"மழைச் சத்தத்துல யாரு கேட்டா?"

ஆத்தியடித்துறை என்ற அந்தச் சிற்றூருக்கு ஜெசி டாக்டராக வந்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. படிப்பு முடித்த கையோடு கிடைத்த முதல் வேலை. ஊர் அவளோடு நன்றாகப் பழகுவதற்குள் அந்தக் கல் விழுந்துவிட்டது.

பொதிகை மலைக்கு மேலே அந்தி நேரத்தில் ஒரு பச்சை வெளிச்சம் கோடு கிழித்ததை அம்பாசமுத்திரம்வரை பார்த்தவர்கள் உண்டு. அது வந்து விழுந்தது முத்துராணியின் புருஷன் முத்துமாலையின் நாற்றங்காலில். தேங்காய் அளவுக் கறுப்புக் கல். சுற்றிலும் சேற்றுத் தண்ணீர் கொதித்து ஆவி பறந்தது. காய்ச்சிய இரும்பைத் தண்ணீரில் முக்கினால் வருமே, அந்த வாடை. சூடு ஆறிய பிறகு கல் உஸ்ஸென்று இழுத்து இழுத்துச் சத்தமிட்டதாம். 'லே, கல்லு மூச்சு விடுது' என்று சிரித்து, வரப்பில் குனிந்து ஆளுக்கொரு தரம் காதை வைத்துக் கேட்டிருக்கிறார்கள். மறுநாள் அதிகாரிகள் இரும்புப் பெட்டியோடு வந்தபோது கல் சத்தமில்லாமல் கிடந்தது. எடுத்துக்கொண்டு போனார்கள்.

அந்த வாரமே முத்துமாலை படுத்தான். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. உடம்பு குளிர்ந்துபோயிருந்தது. உறங்குபவன் போலக் கிடந்து, இரண்டாம் நாள் விடியும்போது உறக்கத்திலேயே போய்விட்டான். பிறகு அவனோடு வரப்பில் நின்றவர்கள். பிறகு அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டவர்கள். திருநெல்வேலிக்கும் சென்னைக்கும் போன ரத்தத்தில் எந்தக் கிருமியும் அகப்படவில்லை. ஊருக்குள் வரும் பாலத்தில் போலீஸ் நின்றது. பஸ் நின்றது. பால்வண்டி நின்றது. பாதுகாப்பு உடைகளும் முகக்கவசங்களும் மட்டும் பெட்டி பெட்டியாகப் பாலத்தில் வந்து இறங்கின. உள்ளே ஜெசியும் சுந்தரியும்.

ஜெசிக்குத் தனிமை புதிதல்ல. சின்ன வயதிலேயே அப்பாவையும் அம்மாவையும் இழந்து, பாளையங்கோட்டையில் ஒரு விடுதியில் வளர்ந்தவள். ஒரே அண்ணன் குவைத்தில். விடுதிக் கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்து முப்பது பிள்ளைகள் படுத்திருக்கும்போது, இருட்டில் அத்தனை பேர் மூச்சையும் கேட்டுக்கொண்டுதான் அவள் உறங்கிப் பழகியிருந்தாள். அதனால்தானோ என்னவோ, இந்த ஒற்றை மூச்சைக் கேட்டபோது அவளுக்கு முதலில் வந்தது பயம் இல்லை. ஒரு இதம். அது அவளைத் திடுக்கிட வைத்தது.

திருநெல்வேலியிலிருந்து தினமும் போனில் யோசனை சொல்லும் டாக்டர் திருஞானசம்பந்தத்தை அழைத்தாள். கல்லூரியில் அவளுக்குப் பாடம் நடத்தியவர்.

"ஒரே சமயத்துல மூச்சா? அப்படியெல்லாம் நடக்காதும்மா. நீ உறங்கி எத்தன நாளாச்சு?"

"நான் பாத்துக்கிட்டுத்தான் சொல்லுதேன் சார்."

"சரி, அந்தச் சத்தத்தப் பதிவு பண்ணி அனுப்பு. இங்க நாலு பேரு கேக்கட்டும். காலைல ஆளுங்களோட நானே வாரேன். ராத்திரி மட்டும் எப்படியாவது தள்ளிடு."

அவள் கட்டில்களுக்கு நடுவே போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே. வெளியே. உள்ளே. வெளியே. அனுப்பினாள்.

இருட்டத் தொடங்கும்போது நித்யா அழைத்தாள். முத்துராணியின் மகள். வண்ணார்பேட்டையில் தோழிகளோடு அறை எடுத்துத் தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள். பாதையை அடைத்துவிட்டதால் அப்பாவின் அடக்கத்துக்குக்கூட வர முடியாதவள்.

"மேடம், அம்மாட்ட ஒரு வார்த்த பேசணும்."

"அம்மா இன்னும் முழிக்கல நித்யா."

"அப்ப மூச்சு விடுத சத்தமாவது கேக்கேன். போன அவ பக்கத்துல வச்சிட்டு நீங்க உங்க சோலியப் பாருங்க. அப்பாவுக்கு அதுகூட எனக்குக் கெடைக்கல."

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? தலையணையில், முத்துராணியின் வாய்க்குப் பக்கத்தில் போனை வைத்தாள். மற்றக் கட்டில்களுக்குக் குளுக்கோஸ் பாட்டில் மாற்றிவிட்டு வந்து எடுத்தபோது நித்யா லைனில்தான் இருந்தாள்.

"நல்லா மூச்சு விடுதா மேடம். கேட்டுக்கிட்டே இருந்தா எனக்கே உறக்கம் வருது."

"சாப்பிட்டுப் படு."

பதில் கொஞ்சம் தாமதித்து வந்தது. "சரி மேடம்."

மின்சாரம் போயிற்று. இன்வெர்ட்டரில் இரண்டு விளக்குகள் மட்டும் எரிந்தன. மின்விசிறி நின்றதும் மூச்சு இன்னும் பெரிதாகக் கேட்டது. கட்டில்களிலிருந்து வருவது போல இல்லை. சுவர்களிலிருந்து, ஈரம் பூத்த தரையிலிருந்து, சன்னலுக்கு வெளியே விரிந்து கிடக்கும் இருண்ட வயல்களிலிருந்து வருவது போலிருந்தது. வெளியே தவளைகள் கத்தாததை ஜெசி அப்போதுதான் கவனித்தாள். அவள் இசக்கிதுரையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள். உள்ளே இழுத்தது. வைத்திருந்தது. வெளியே விட்டது.

பிறகு ஒன்றும் இல்லை.

காத்திருந்தாள். கூரையிலிருந்து ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. பதினொரு போர்வைகளும் தாழ்ந்தபடியே கிடந்தன. அவள் தன் நெஞ்சு வலிப்பதை உணர்ந்தாள். அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே இழுத்தது. பத்துப் போர்வைகள் உயர்ந்தன. இசக்கிதுரையின் போர்வை உயரவில்லை.

ஆம்பு பையை எடுத்து ஓடிவந்தாள். முகத்தில் பொருத்தி, கையால் அமுக்கி நெஞ்சுக்குள் காற்றை அனுப்பும் ரப்பர்ப் பை. அமுக்கினாள், நெஞ்சை அழுத்தினாள், மறுபடி அமுக்கினாள். கிழவரின் மூச்சு திரும்பவில்லை. அதற்குள் அடுத்த இடைவெளி வந்துவிட்டது. முன்னதைவிட நீளம். பக்கத்துக் கட்டிலில் முத்துராணியின் உதடுகள் நீலம் பாரிக்கத் தொடங்கின. இந்த மூச்சு நீண்டுகொண்டே போகிறது, நெஞ்சு பலவீனமானவர்கள் ஒவ்வொருவராக அந்த இடைவெளியில் விழுந்துவிடுகிறார்கள் என்பது ஜெசிக்கு அப்போது புரிந்தது. முத்துமாலையும் அப்படித்தான் போயிருப்பான்.

பையை முத்துராணியின் முகத்தில் வைத்து, சாதாரண மனுஷர் மூச்சு விடும் வேகத்தில் அமுக்கினாள்.

காற்றுப் போகவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ நின்று தள்ளுவது போல ரப்பர் அவள் கையை எதிர்த்தது. இரண்டு கையாலும் அமுக்கினாள். மறுபடி. மறுபடி. சட்டென்று எதிர்ப்பு விட்டது. முத்துராணி இருமினாள். கன்னத்தில் நிறம் ஏறியது. கண் திறந்தாள்.

மற்ற ஒன்பது பேரும் தாழ்ந்து கிடக்க, அவள் மட்டும் மூச்சு விட்டாள்.

"முத்துராணி. நான் டாக்டர். தெரியுதா?"

பையை விலக்கியதும் உலர்ந்த குரல் வந்தது. "தூரமாப் போயிருந்தேன் டாக்டரம்மா."

"எங்க?"

"மேல கீழன்னு ஒண்ணும் இல்ல. ஒரே இருட்டு. மினுங்குத வெள்ளிகூட அங்கன ஒண்ணு இங்கன ஒண்ணுதான். அதுக்கு நடுவுல ஒண்ணு தனியாக் கெடக்கு. ரொம்பக் காலமாத் தனியாவே கெடக்கு. அதுதான் மூச்சு விடுது. கேட்டோம்னா நம்மளும் அதுகூடச் சேந்திருதோம்."

"யாரு அது? கெட்டதா?"

முத்துராணி யோசித்தாள். "கெட்டதுன்னு இல்ல. பாவமா இருக்கு அதப் பாத்தா. அதான் பயமா இருக்கு."

அவள் கண்கள் செருகின. ஜெசி பையைப் பொருத்தி அமுக்கினாள். மீண்டும் கண் திறந்தது. முத்துராணியின் குளிர்ந்த கை அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. பைக்கு அடியிலிருந்து உதடுகள் அசைந்தன. ஜெசி குனிந்தாள்.

"காது குடுக்காதிய டாக்டரம்மா. நாங்க எல்லாரும் அந்தக் கல்லுல காது வச்சிக் கேட்டோம்."

ஜெசியின் கை ஒரு கணம் நின்றது. பிறகு வேகமாக அமுக்கியது. கிருமி இல்லை. காற்றில் இல்லை, எச்சிலில் இல்லை. இத்தனை நாள் அவளும் சுந்தரியும் முகத்தை மூடிக்கொண்டார்கள். கையை உறையிட்டுக்கொண்டார்கள். காதை யாரும் மூடவில்லை.

"சுந்தரியக்கா! பஞ்சு எடுத்துட்டு வாங்க! ஓடி வாங்க!"

காலடிச் சத்தம் எதுவும் வரவில்லை.

திரும்பிப் பார்த்தாள். கதவோரம் முக்காலியில் சுந்தரி உட்கார்ந்திருந்தாள். கைகள் மடியில். கண்கள் திறந்திருந்தன. முகக்கவசம் உள்ளே குழிந்தது. நின்றது. நின்றது. வெளியே உப்பியது. கட்டில்களோடு சேர்ந்து.

"அக்கா."

குழிந்தது.

"அக்கா, என்னப் பாருங்க!"

நின்றது.

இரண்டாவது ஆம்பு பை பூட்டிய அறையில் இருந்தது. சாவி சுந்தரியின் இடுப்பில். எடுத்து வந்தால்தான் என்ன? இருப்பது இரண்டு கை. ஒரு பையை அமுக்கவே இரண்டும் வேண்டியிருந்தது. முத்துராணியை விட்டுவிட்டுச் சுந்தரியிடம் போகலாம். சுந்தரி எழுந்தால் இரண்டு பேராக அமுக்கலாம். அதற்குள் முத்துராணி போய்விடலாம். ஜெசி ஒரு எட்டு நகர்ந்தாள். மணிக்கட்டைப் பிடித்திருந்த விரல்கள் இறுகின.

"போவாதிய," என்றாள் முத்துராணி.

ஜெசி போகவில்லை. சுந்தரியின் பக்கம் பார்க்காமல் அழுதாள்.

அதற்கப்புறம்தான் நித்யாவின் நினைவு வந்தது.

ஒரு கையால் பையைத் தன் நெஞ்சோடு சேர்த்து அமுக்கிக்கொண்டே, மறு கையால் போனை எடுத்தாள். மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள்.

"நித்யா? நித்யா, பேசு."

இழுக்கும் சத்தம். ஒருத்தியின் சத்தம் மட்டும் இல்லை. நித்யாவோடு தங்கியிருக்கும் பிள்ளைகளும். அறை முழுக்க. ஒரே மூச்சு.

போனை அணைத்தாள். உடனே டாக்டர் திருஞானசம்பந்தத்தை அழைத்தாள். அவர் குரல் கேட்டதும் அவளுக்கு உயிர் வந்தது.

"சார்! அந்தப் பதிவ யாருக்கும் போட்டுக் காட்டாதிய! அழிச்சிருங்க! அது காது வழியா—"

"சொல்லும்மா," என்றார். அமைதியாக. பிறகு இடைவெளி. நீளமான இடைவெளி. வார்டில் போர்வைகள் தாழ்ந்து கிடந்தன. போர்வைகள் உயர்ந்தபோது அவர் மறுபடி பேசினார். "எல்லாருக்கும் போட்டுக் காட்டிட்டேன்."

"சார், மூச்ச மாத்தி விடுங்க. வேகமா விடுங்க சார்!"

இடைவெளி.

"சென்னைக்கும் அனுப்பியாச்சு."

இடைவெளி.

"காலைல வாரோம்மா. பயப்படாத. நீ தனியா இல்ல."

போன் கைநழுவிக் கட்டிலுக்கு அடியில் விழுந்தது. அவள் குனிந்து எடுக்கவில்லை. ஊசிமருந்துத் தட்டில் கிடந்த பஞ்சைக் காதுகளில் திணித்தாள், வலிக்கும்வரை திணித்தாள். மேலே துணியைச் சுற்றினாள். மூச்சு போய்விட்டது. உலகமே போய்விட்டது. தன் ரத்தம் ஓடும் சத்தம் மட்டும். ஆனாலும் தன் நெஞ்சு தானாக மெதுவாவது தெரிந்தது. பார்த்துக்கொண்டிருந்தாலே இழுக்கிறது. போர்வைகளைப் பார்க்காமல் முத்துராணியின் கண்களை மட்டும் பார்த்தாள். ஒவ்வொரு அமுக்கலுக்கும் ஒரு ஊர். கண்டக்டர் கூவுவதைப் போல வாய்விட்டுச் சொன்னாள். பேட்டை. சுத்தமல்லி. பத்தமடை. சேரன்மகாதேவி. வீரவநல்லூர். கல்லிடைக்குறிச்சி. அம்பாசமுத்திரம். மறுபடி பேட்டை. தன் குரலும் தனக்குக் கேட்கவில்லை. முத்துராணியின் உதடுகளும் கூடவே அசைந்தன. அந்த ராத்திரி முழுக்க, இரண்டு பெண்களும் ஒரே பஸ்ஸில் திருநெல்வேலிக்கும் அம்பைக்கும் போய்வந்துகொண்டிருந்தார்கள்.

மற்றக் கட்டில்களில் போர்வைகள் ஒவ்வொன்றாக நின்றதை அவள் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று இருந்தாள். சுந்தரி எப்போது முக்காலியிலிருந்து சரிந்தாள் என்பதும் அவளுக்குத் தெரியாது.

வெளுத்தது. சன்னலில் முதலில் மலையின் விளிம்பு தெரிந்தது, பிறகு நனைந்த பனைகள், பிறகு நீர் நிறைந்த வயல்களில் வானம். பாலத்தைத் தாண்டி வெள்ளை வண்டிகள் வரிசையாக வந்தன. கை மரத்து, தோள் வெந்து, எதை அமுக்குகிறோம் என்பதே தெரியாத நிலையிலும் ஜெசியின் தொண்டைக்குள் ஒரு கேவல் எழுந்தது. ஆட்கள். உயிருள்ள, நடமாடுகிற ஆட்கள். அவர்கள் வழியிலேயே விழுந்திருப்பார்கள் என்றல்லவா நினைத்திருந்தாள்.

கதவு திறந்தது. வெள்ளை உடையில், முகத்துக்கு முன்னால் பிளாஸ்டிக் தகடு மாட்டியபடி ஆறேழு பேர் உள்ளே வந்தார்கள். முன்னால் டாக்டர் திருஞானசம்பந்தம். அதே கனிந்த கண்கள்.

"ஆம்பு பை இன்னொண்ணு வேணும் சார்! அவங்கள ஆளுக்கொருத்தரா—" என்று அவள் கத்தினாள். குரல் வந்ததா என்று தெரியவில்லை.

அவர் தலையசைத்தார். நடந்து வந்து அவள் தோளில் கை வைத்தார். இன்னொரு கையால் ஆம்பு பையை வாங்கினார். பதமான, பழகிய கை. அவள் விரல்கள் தாமாகவே விட்டுக்கொடுத்தன. எத்தனை நேரத்துக்குப் பிறகு அந்தக் கைகளுக்கு ஓய்வு. அவர் முத்துராணியின் தாடையை உயர்த்தி, முகத்தில் சரியாகப் பொருத்தி, மெல்ல அமுக்கினார். முத்துராணியின் நெஞ்சு உயர்ந்தது.

தாழ்ந்தது.

ஜெசி அடுத்த அமுக்கலுக்குக் காத்திருந்தாள்.

அவர் கை அசையவில்லை.

நிமிர்ந்து பார்த்தாள். கதவுவரை வரிசையாக நின்றவர்களின் முகத் தகடுகள் எல்லாம் ஒருசேர ஆவி படிந்து வெளுத்திருந்தன. அந்த ஆவி ஒரே நேரத்தில், ஓரங்களிலிருந்து நடுவுக்கு மெல்ல வடிந்தது. தகடுகள் தெளிந்தன. உள்ளே கண்கள் தெரிந்தன. எல்லாக் கண்களும் அன்போடு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. தகடுகள் தெளிந்தே இருந்தன; மறுபடி ஆவி படியவில்லை. அவள் பையைப் பிடித்து இழுத்தாள். அந்தப் பதமான கை விடவில்லை. சன்னல் வழியாக வெயில் வந்து கட்டில்மேல் விழுந்தது. முத்துராணி கண்ணை மூடாமல் ஜெசியைப் பார்த்தபடி, வாயைத் திறந்துகொண்டு, அவர்கள் எல்லோரோடும் சேர்ந்து காத்திருந்தாள்.